கிணற்று மாமாவின் கை

அந்த ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் ‘மூச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிப் பெயர் இல்லை, பட்டம் மாதிரி. பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, அத்தனையையும் வேகமாக ஓட்டி உயிர் வந்ததாகக் காட்டுகிற ஸ்டாப் மோஷன் தொழில் அது. அதில் பொம்மையை நடக்கவைக்கப் பலருக்குத் தெரியும். சும்மா நிற்கவைக்கத்தான் தெரியாது. நின்றால் பொம்மை செத்துப்போகும். இவர் கைபட்ட பொம்மையோ சும்மா நின்றாலும் அதன் மார்பு ஏறி இறங்கும், தோள் ஒரு மயிரிழை உயரும். அதனால் வந்த பெயர்.

மனிதர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொல்ல இடம் கிடைக்காது. குடி கிடையாது, சூது கிடையாது, வீட்டில் பாத்திரம் கழுவுவார், மகளின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். ஒரே ஒரு குறைதான். அடுத்தவரைப் பாராட்டி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரன் நல்ல மார்க் வாங்கினால் இவருக்குக் காய்ச்சல் வரும். பல் செட் செய்யும் கடையில் வேலை பார்த்தபோது, வேறொருவன் செய்த கடைவாய்ப் பல்லை முதலாளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து ‘பலே’ என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க இவர் முதலாளியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கடையிலிருந்துதான் பொம்மைகளுக்குப் பல் செய்ய ஸ்டுடியோவுக்கு வந்தார். பல் செய்ய வந்தவர் மெல்ல மெல்லப் பொம்மையையே நகர்த்தும் அனிமேட்டர் ஆனார்.

பொறாமைப்படுவதற்கு ஆள் வெளியே இருக்கிறவரை ஒரு சௌகரியம் உண்டு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மனைவியிடம் திட்டித் தீர்த்துவிடலாம். அவளும் ‘ஆமாங்க, அவனுக்கு என்ன தெரியும்’ என்று தலையாட்டுவாள், வயிறு கொஞ்சம் குளிரும். அந்த மனைவியே ஆளாக வந்து வாய்த்தால் மனிதர் எங்கே போவார்?

அவள் கோட்டு தைக்கும் கடையில் உள்துணி தைத்துக்கொண்டிருந்தவள். விரல் நீளச் சட்டைக்கும் பொத்தான் துளை போடத் தெரிந்தவள் என்று பொம்மைகளுக்குத் துணி தைக்கக் கூட்டிவந்தார்கள். ஒரு பொம்மையின் கால்சட்டை மூச்சின் கையில் கிழிந்துபோய், அதைத் தைத்து வாங்கப் போன இடத்தில் இருவருக்கும் பேச்சு ஆரம்பித்து, கல்யாணத்தில் வந்து நின்றது. மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் தைத்தாள், இவர் நகர்த்தினார். ஒருநாள் தையல் அறைப் பக்கம் போன டைரக்டர், மேசைமேல் ஒரு பொம்மை புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அளவு சரியா என்று பார்க்க அவள் நிறுத்திவைத்த பொம்மை. ஆனால் அது இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டவன் போலக் கூசிக்கொண்டு நின்றது.

“இத யாரு இப்படி நிக்க வெச்சது?” என்று கேட்டார் டைரக்டர். அந்தக் கேள்வியோடு நம்மாளின் நிம்மதி போயிற்று.

அடுத்த வருடமே அவள் ஊசியை வைத்துவிட்டு அனிமேட்டர் ஆனாள். புருஷனிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அதுவேறு இவருக்கு ஆறாத மனத்தாங்கல். கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார் என்பது தனிக் கதை.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. குடும்பத்தோடு பார்க்கிற பொம்மைப் படம்தான், ஆனால் இருண்ட கதை. ஒரு சிறுமியின் தம்பி பாழுங்கிணற்றில் விழுந்துவிடுகிறான். ஊரே அழுது ஓய்ந்து தூங்கப் போனபிறகு அவள் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். கிணற்றுக்கு அடியில் ஓர் அறை, அதில் ஒரு நீள மேசை. இதுவரை விழுந்த குழந்தைகள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையின் தலைப்பக்கத்தில் கிணற்று மாமா. அவர் யாரையும் அடிப்பதில்லை, விழுங்குவதில்லை. நன்றாகச் சோறு போடுகிறார், கதை சொல்கிறார். ஒன்று மட்டும் அவரால் தாங்க முடியாது. குழந்தைகளில் எதுவாவது தலையை நிமிர்த்தி மேலே கிணற்று வாயைப் பார்த்துவிட்டால், ‘எங்கம்மா’ என்று பேச்செடுத்துவிட்டால், மாமாவுக்கு ஏதோ ஆகிவிடும்.

படத்துக்குப் பணம் போட்டவர்கள், குழந்தைகள் பயந்துவிடுமே என்று கையைப் பிசைந்தார்கள். டைரக்டர் அசையவில்லை. “குழந்தைங்களுக்குப் பயப்படத் தெரியும். நமக்குத்தான் அது மறந்துபோச்சு,” என்று சொல்லிவிட்டார்.

கிணற்று மாமாதான் படத்தின் உயிர் என்பது எல்லோருக்கும் தெரியும். மூச்சுக்கும் தெரியும். மாமா தனக்குத்தான் என்று மனதில் எழுதியே வைத்துவிட்டார். மாமாவின் பற்களைக்கூட வேறு யாரையும் தொடவிடாமல் தானே செய்து கொடுத்தார். வேலையைப் பிரித்தபோது மாமா மனைவிக்குப் போனார். இவருக்குக் கிடைத்தது, கிணற்றடியில் சுற்றிச் சுற்றி வரும் கண்ணில்லாத மீன்கள்.

மீன்! மார்பே இல்லாத பிராணி. அதற்கு எங்கே போய் மூச்சைக் காட்டுவது?

ஸ்டுடியோ என்பது பெரிய கொட்டகை. கறுப்புத் துணி தொங்கவிட்டு அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு செட், ஒரு கேமரா, ஓர் அனிமேட்டர். போட்டிருக்கிற சட்டையின் நிறம் பொம்மைமேல் அடிக்கும் என்பதால் எல்லோரும் கறுப்புதான் உடுத்துவார்கள். இழவு வீடு மாதிரி இருக்கும். இவர் தடுப்பும் மனைவியின் தடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். இடையில் ஒரு துணிதான். அந்தப் பக்கம் டைரக்டர் வந்து நிற்பதும், பேச்சு மூச்சில்லாமல் பார்ப்பதும், பிறகு “ம்ம்… அற்புதம்மா” என்பதும் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். அப்போதெல்லாம் இவர் கையில் இருக்கிற மீன் ஒரு நூல் அதிகமாக நகர்ந்துவிடும். காலையிலிருந்து எடுத்த ஷாட் பாழ். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

பாதிப் படம் முடிந்ததும், முடிந்தவரைக்கும் ஒட்டிப் போட்டுக் காட்ட டைரக்டர் ஏற்பாடு செய்தார். ஸ்டுடியோ ஆட்களின் குடும்பங்கள் எல்லாம் வந்தன. மடக்கு நாற்காலிகளில் பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால்.

திரையில், மேசையைச் சுற்றி இருந்த குழந்தைகளில் ஒன்று சொல்லிற்று: “எங்கம்மா நல்லா பாடுவாங்க.” மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதி வழி வருவதற்குள் அவருடைய வலது கை மேசைமேல் இறங்கியது. சிந்திக் கிடக்கிற ரொட்டித் துகளைக் கூட்டுவதுபோல, கையின் ஓரத்தால் மேசையை மெல்லத் துடைத்து, இடது உள்ளங்கையில் தள்ளியது. மாமா உள்ளங்கையைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. துகளும் இல்லை, தூசியும் இல்லை. இல்லாததைத் தொடையில் தட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்து முடிந்தது. “அப்படியா?” என்றார் மாமா, ரொம்ப மென்மையாக.

முன்வரிசைப் பிள்ளைகள் பாதிப் பேர் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒன்று எழுந்து ஓடிப்போய் அம்மா மடியில் விழுந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர்களே நிமிர்ந்தார்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. வெறும் கை, மேசை. அப்படி ஒரு பயம்.

படம் முடிந்ததும் எல்லோரும் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கை, அந்தக் கை என்பதுதான் பேச்சு. மூச்சும் போய் “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவைத்தார். உள்ளே அடுப்பு எரிந்தது. இப்படி ஓர் அசைவு தனக்குத் தோன்றவில்லையே என்று முதலில் எரிந்தது. இவளுக்கு எப்படித் தோன்றிற்று என்று பிறகு எரிந்தது. அசைவுகள் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை என்று அவருக்குத் தெரியும். எந்த அனிமேட்டரும் எங்கேயோ, யாரிடமோ பார்த்ததைத்தான் எடுப்பான். இவ்வளவு துல்லியமாக எடுக்க வேண்டுமென்றால் ஒரு தடவை பார்த்தால் போதாது. வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகளிடம் கேட்டார், “நீ பயந்தியாடா?”

“இல்லப்பா,” என்றாள் மகள். “தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு.”

“தெரிஞ்சவங்கன்னா?”

“தெரியல. நம்ம வீட்ல யாரோ டேபிள்ல உக்காந்து அப்படிப் பண்ணியிருக்காங்க.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். ஸ்டுடியோவில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அன்றைக்கே புரிந்துவிட்டது. புரியாதவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அதற்கும் காரணம் உண்டு. மற்ற அனிமேட்டர்கள் ஒரு ஷாட்டைத் தொடங்குமுன், தாங்களே அதை நடித்து வீடியோ எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கென்று ஒரு சின்ன அறையே இருந்தது. இவர் அதில் காலடி வைத்ததில்லை. “எனக்கு என் உடம்பு தெரியும், கேமரா வந்து சொல்லணுமா?” என்பார். இருபது வருடமாகத் தன்னைத் தானே ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர்.

ஆகவே அவர் மூளை நேராகப் போகவேண்டிய வழியை விட்டு எங்கெங்கோ போயிற்று. வீட்டுக்கு வந்துபோகிற ஆண் யார்? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவன் யார்? அவள் வருடக்கணக்கில் வைத்த கண் வாங்காமல் பார்த்த கை யாருடைய கை?

முதலில் மனைவியின் தம்பியைச் சந்தேகப்பட்டார். அவன் இடதுகைக்காரன், விட்டுவிட்டார். பிறகு ஸ்டுடியோவில் செட் போடும் மரவேலைக்காரர். அவருக்கு ஒரு கையில் இரண்டு விரல் இல்லை. கடைசியில் சந்தேகம் ஸ்டுடியோவின் லைட்காரன்மேல் போய் நின்றது. வயதில் சின்னவன், சுருட்டை முடி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. போன வருடம் வீட்டில் ட்யூப் லைட் எரியாமல் போனபோது அவன்தான் வந்து மாட்டிக் கொடுத்தான். அதே மேசையில் உட்கார்ந்து டீ குடித்தான். அவளை ‘அக்கா’ என்று கூப்பிடுவான். அக்காவாம் அக்கா. முன்பு பாசமாகக் கேட்ட சொல் இப்போது காதில் முள்ளாகக் குத்தியது. மாமாவின் முகத்தில் விழும் வெளிச்சத்தைச் சரிசெய்ய அவன் தினமும் அவள் தடுப்புக்குள் போவான். அவன் உள்ளே போனால் இவர் மீனை விட்டுவிட்டுத் துணிப்பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பார். “அக்கா, இந்தப் பக்கம் நிழல் போதுமா?” “இன்னும் கொஞ்சம்.” அவ்வளவுதான் பேச்சு. அந்த ‘இன்னும் கொஞ்சம்’ அவரை இரண்டு நாள் அரித்தது.

இதற்கிடையில் ஒரு சந்தோஷமும் அவருக்குக் கிடைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம் சந்தோஷம்தான். மனைவிக்குக் கடைசி ஷாட் வரவில்லை. கதையின் முடிவில் மாமா சிறுமியையும் தம்பியையும் மேலே போகவிட வேண்டும். யாரும் அவரை ஜெயிப்பதில்லை. அவராகவே கயிற்றை இறக்கிக் கொடுக்க வேண்டும். அந்த இடம்தான் முழுப் படமும். அவள் அதை எடுத்தாள், அழித்தாள், மறுபடி எடுத்தாள். ஒரு தடவை மாமா அழுதார், பொய்யாக இருந்தது. இன்னொரு தடவை பெருந்தன்மையாகச் சிரித்தார், அது அதைவிடப் பொய். அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். இவர் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிடுவார். “என்ன பண்றது, சில ஷாட்டு வராது,” என்று ஆறுதல் சொல்லும்போது குரலில் தேன் வடியும்.

லைட்காரனைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு நாள் குறித்தார். அதற்கு அவர் போட்ட திட்டம் இருக்கிறதே, அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும். அந்த நடிப்பு அறையில் மேசை இருந்தது, மூலையில் கேமரா இருந்தது. கேமராவை ஓடவிட்டு, அதன் சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். பிறகு லைட்காரனை டீக்கு அழைத்தார். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யாரையாவது புகழ்ந்து பேசினால்தானே மாமா அந்தக் கையை நீட்டுவார்? அதனால் பேச்சு புகழ்ச்சியாகவே போகட்டும் என்று முடிவுசெய்தார்.

“உன் அக்கா மாமாவ எப்படிப் பண்றா பார்த்தியா,” என்று ஆரம்பித்துவிட்டார்.

“அத ஏன் கேக்கறீங்கண்ணே,” என்றான் லைட்காரன். “நான் எத்தனையோ பேருக்கு லைட் வெச்சிருக்கேன். அக்கா மாதிரி கை யாருக்கும் கிடையாது. டைரக்டரே சொல்றாரு, இந்தப் படம் ஓடினா அக்காவாலதான் ஓடும்னு. நீங்க குடுத்து வெச்சவரு.”

அவன் பேசிக்கொண்டே போனான். இவர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கைகளையே பார்த்தார். அவை டீ டம்ளரை விட்டு அசையவில்லை. கள்ளன், ஜாக்கிரதையாக இருக்கிறான், ஓட்டிப் பார்த்தால் மாட்டுவான் என்று நினைத்துக்கொண்டார்.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு, எடுத்ததை ஓட்டிப் பார்த்தார். திரையின் வலதுபக்கம் லைட்காரன். டம்ளரைப் பிடித்தபடி சிரித்துச் சிரித்துப் பேசுகிறான். அவன் கை அசையவே இல்லை. இடதுபக்கம் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் முன்தள்ளிய தலை, பாதியில் நின்றுபோன சிரிப்பு. லைட்காரன் ‘அக்கா’ என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த ஆளின் வலது கை மேசையைக் கூட்டியது. இடது உள்ளங்கையில் தள்ளியது. அந்த ஆள் உள்ளங்கையைப் பார்த்தார். தொடையில் தட்டிவிட்டார்.

மூச்சு அதை நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். தொழில்காரர் ஆயிற்றே, அந்த நிலையிலும் ஒன்று கவனித்தார். மனைவி எடுத்ததில் ஒரு பிசகும் இல்லை. கடைசியாக அந்தச் சுண்டுவிரல் தனியாக மடங்குவதுவரை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று அவருக்குத் தெரியாது. யாரோ கதவைத் தட்டி அறை வேண்டும் என்றார்கள், எழுந்து வந்தார்.

சாயங்காலம் வீட்டில் மகள் உள்ளறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறையில் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். இவர் வாசற்படியிலேயே நின்றார்.

“அது நானா?” என்றார்.

அவள் எது என்று கேட்கவில்லை. முட்டை ஓட்டைக் கிண்ணத்தில் போட்டாள். “ஆமா,” என்றாள்.

“எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“எத்தன பேர் பயந்து அழுதாங்க பார்த்தியா? குழந்தைங்க அழுதுச்சு. என்னப் பார்த்து.”

“உங்களப் பார்த்து இல்ல. அந்தக் கையப் பார்த்து.”

“என் கைதானடி அது.” குரல் உயர்ந்துவிட்டது. உள்ளறையில் பென்சில் சத்தம் நின்றது. அவர் தணிந்த குரலில் சொன்னார், “இத்தன வருஷமா நான் உனக்கு அப்படியா தெரியறேன்? கிணத்துக்கடியில உக்காந்திருக்கற பேயாட்டம்?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கோபமாக இல்லை. களைப்பாக இருந்தாள். “நான் முதல்முதலா ஒரு ஷாட் நல்லா பண்ணி வந்தேனே, அன்னிக்கு இந்த டேபிள்ல நீங்க அதப் பண்ணீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. துகளே இல்லாம என்னத்தக் கூட்டறாருன்னு பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். பாராட்டு வர்றப்பல்லாம் எனக்கு உங்க கை ஞாபகம் வந்துடும். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா வேணாமான்னு வழியெல்லாம் யோசிப்பேன். பாதி நாள் சொல்லவே மாட்டேன். அந்தப் பயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதத்தான் பண்ணேன்.”

தோற்றவன் கடைசியாக ஒரு கல்லை எடுத்து எறிவதுபோல அவர் கேட்டார், “எல்லாத்தையும் என்கிட்டேர்ந்து எடுத்தியே, கடைசி ஷாட்டு மட்டும் ஏன் வரல?”

“மாமா விட்டுக் குடுக்கணும்ல,” என்றாள் அவள். “அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. நான் பார்த்ததே இல்லையே.”

மகள் வந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டார்கள். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தட்டைத் தொடவேண்டியபோது மட்டும் எடுத்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த கை திடீரென்று ஊரார் கை மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். அறையில் மனைவி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

“உக்காருங்க மூச்சு,” என்றார் டைரக்டர். “சுத்தி வளைக்கல. கடைசி ஷாட்டு அம்மாவுக்குச் சரியா வரல. நாளும் இல்ல. நீங்க பண்ணிடுங்க. டைட்டில்ல மாமாவுக்கு ரெண்டு பேர் பேரும் சேர்ந்தே வரும். அம்மாவுக்கும் சம்மதம்தான்.”

“சம்மதம்தான்,” என்றாள் அவள், மேசையைப் பார்த்தபடி.

வருடம் முழுக்க மீனோடு மல்லுக்கட்டியவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘சரி’ என்ற சொல் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. அவர் அதைப் பிடுங்கவில்லை, அவராகக் கேட்கவில்லை, தானாக மடியில் வந்து விழுகிறது. எடுத்துக்கொண்டால் ஊரில் ஒருவர் குற்றம் சொல்ல முடியாது. மாமாவைத் தன்னைவிட யாருக்குத் தெரியும்? மனதுக்குள் ஷாட்டைக்கூட ஆரம்பித்துவிட்டார். முதலில் மூச்சு, பிறகு தோள், பிறகு கயிறு. மனைவியின் கழுத்தைப் பார்த்தார். பொம்மை கூசிக்கொண்டு நின்றதாகச் சொன்னார்களே, அப்படிக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வேண்டாம் சார்,” என்றார். “அவளே பண்ணட்டும்.”

டைரக்டர் நிமிர்ந்தார். “அவங்களுக்குத்தான் வரலையே.”

“வரும்,” என்றார். “அவ என்னவிட நல்லா பண்றவ.”

வேரோடு பிடுங்கிய கடைவாய்ப் பல் மாதிரி வந்தது அந்த வார்த்தை. சொல்லி முடித்தபிறகாவது மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. ஒன்றும் லேசாகவில்லை. வயிறு எப்போதும் போலவே எரிந்தது, இன்னும் அதிகமாகவே எரிந்தது. வலது கை மேசையை நோக்கிக் கிளம்பியதை இந்தத் தடவை அவரே பார்த்துவிட்டார். பாதி வழியில் தடுத்துச் சட்டைப்பையில் திணித்தார். எழுந்தார், நாற்காலியை உள்ளே தள்ளினார், திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்து வெளியே வந்தார். அப்படித்தான் அவருக்கு நினைப்பு. மீன்களிடம் போய் வேலையை ஆரம்பித்தார். பக்கத்துத் தடுப்பில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களிலும் அந்தப் பக்கம் கேமராவின் ‘டிக்’ சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவள் ஒன்றையும் அழிக்கவில்லை.

படம் வெளியானபோது மூவரும் தியேட்டரில் போய்ப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மனைவி, நடுவில் இவர். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். மாமாவின் கை மேசையைக் கூட்டியபோது அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டது. இவர் இருட்டில் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கடைசி ஷாட் வந்தது. மாமா கயிற்றை இறக்கிச் சிறுமியின் கையில் கொடுத்தார். பிள்ளைகள் இருவரும் மேலே ஏறினார்கள். மாமா அழவில்லை, சிரிக்கவில்லை. அவருடைய கை மேசையை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் நின்று, சட்டைப்பைக்குள் போயிற்று. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு அறையின் கதவுவரை நடந்தார். அங்கே நின்றார். கழுத்தை மட்டும் திருப்பி, மேலே போய்க்கொண்டிருந்த அந்தக் கால்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நல்ல குணமும் இல்லை. அதே பசி, அதே எரிச்சல், ஒரு துளி குறையவில்லை. ஆனாலும் கயிற்றை விட்டுவிட்ட கை பைக்குள்ளேயே இருந்தது. முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். பிறகு பின்னாலும் கேட்டது.

அவரும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு கூடவே, இந்த ஷாட்டை நான் பண்ணியிருக்கலாமே என்று நெஞ்சில் சுருக்கென்றது. விளக்கு போட்டார்கள். ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே அவர் மனைவியின் பக்கம் குனிந்தார்.

“மத்ததெல்லாம் சரி,” என்றார். “ஆனா கதவுகிட்ட நின்னு பார்க்கறது நான் இல்ல. நான் அன்னிக்குத் திரும்பியே பார்க்கல.”

“பார்த்தீங்க,” என்றாள் அவள். “ரெண்டு தடவ பார்த்தீங்க. ஒண்ணுதான் வெச்சேன்.”